ரொட்டி வரிசையில் தொடங்கி ரயில் பெட்டியில் முடிந்தது: 304 ஆண்டு முடியாட்சி எட்டே நாளில் கவிழ்ந்தது எப்படி?

தலைவர் இல்லை. தேதி குறிக்கவில்லை. திட்டமும் இல்லை. இருந்தும் 1917-ல் ரஷ்யப் பேரரசர் பதவி இழந்தார். மக்கள் புரட்சி என்பது உண்மையில் எந்த இடத்தில் தொடங்குகிறது?

1917 மார்ச் 8, வியாழக்கிழமை. ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராட். இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று அழைக்கப்படும் அதே ஊர்தான்.

ஆலைகள் நிறைந்த வைபோர்க் பகுதியில், நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வருகிறார்கள். அன்று சர்வதேச மகளிர் தினம். ஆனால் கொண்டாடும் மனநிலையில் யாரும் இல்லை. விடியும் முன்பே ரொட்டிக் கடை வாசலில் நின்று, பலர் வெறுங்கையோடு வேலைக்கு வந்தவர்கள். கணவரோ மகனோ போர்முனையில். வீட்டில் பசியோடு குழந்தைகள்.

பக்கத்திலிருந்த இரும்பு ஆலைகளின் வாசலில் நின்று பெண்கள் கூப்பிடுகிறார்கள். ஜன்னல்கள் மீது பனிக்கட்டி உருண்டைகளை வீசுகிறார்கள். 'நாங்க வெளியே வந்துட்டோம், நீங்க ஏன் இன்னும் உள்ளே?' என்பதுதான் அதன் பொருள். கொஞ்ச நேரத்தில் ஆண்களும் கருவிகளை வைத்துவிட்டு வெளியே வருகிறார்கள்.

அன்று மாலைக்குள் சுமார் 90,000 பேர் வேலைநிறுத்தத்தில். எட்டாவது நாள், ரொமானோவ் வம்சத்தின் கடைசிப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் பதவி விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

அந்தப் பெண்கள் மன்னரை வீழ்த்தவா கிளம்பினார்கள்? இல்லை. அவர்கள் கேட்டது ரொட்டி. அப்படியானால் இது புரட்சியாக மாறியது எப்படி?

மார்ச்சில் நடந்த 'பிப்ரவரிப் புரட்சி'

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வரலாற்றுப் புத்தகங்கள் இதை 'பிப்ரவரிப் புரட்சி' என்கின்றன. காரணம், ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அது நாம் பயன்படுத்தும் நாட்காட்டியைவிட 13 நாள் பின்தங்கியது. நமக்கு மார்ச் 8 என்றால், அவர்களுக்கு பிப்ரவரி 23. இதே கணக்கில்தான் லெனினின் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்த 'அக்டோபர் புரட்சி'யும் நவம்பரில் வருகிறது.

இந்த இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்வதுண்டு. ஜார் மன்னரைக் கவிழ்த்தது லெனின் அல்ல. மன்னர் விழுந்தபோது லெனின் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் இருந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், இளைஞர்கள் கூட்டம் ஒன்றில் பேசும்போது, வரப்போகும் புரட்சியின் முக்கியப் போராட்டங்களைத் தன் தலைமுறை உயிரோடு இருந்து பார்க்காமலே போகலாம் என்று சொல்லியிருந்தார். இந்தக் கட்டுரையில் தேதிகள் எல்லாம் இன்றைய நாட்காட்டிப்படி.

தானியம் இருந்தது, ரொட்டி இல்லை

போருக்கு முன்பு ரஷ்யா உலகின் பெரிய தானிய ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. அப்படிப்பட்ட நாட்டின் தலைநகரில் ரொட்டிக்கு ஏன் பஞ்சம்?

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்கள் ராணுவத்துக்கு இழுக்கப்பட்டனர். பெரும்பாலோர் விவசாயிகள். ஆலைகளில் அவர்கள் விட்ட இடத்துக்குப் பெண்கள் வந்தார்கள். ரயில்கள் போர்முனைக்கு ஆளும் ஆயுதமும் ஏற்றவே சரியாக இருந்தது. என்ஜின்கள் பழுதாகி நின்றன. தெற்கில் விளைந்த தானியம் வடக்கே இருந்த தலைநகருக்கு வந்து சேரவில்லை.

இன்னொரு சிக்கல், பணம். ரஷ்யாவில் மது விற்பனை அரசின் ஏகபோகம். அரசு வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு அதிலிருந்துதான் வந்தது. போர் தொடங்கியதும் மதுவிலக்கு கொண்டுவந்தார்கள். செலவு பல மடங்கு ஏறிய நேரத்தில் வரவு போச்சு. அரசு நோட்டு அச்சடித்தது. விலைவாசி ஏறியது. விவசாயி பார்த்தார். தானியத்தை விற்றால் கையில் வருவது மதிப்பு குறைந்துகொண்டே போகும் காகிதம். அதைக் கொண்டு வாங்க கடையில் ஆணியும் இல்லை, துணியும் இல்லை. 'விற்பதைவிட வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்' என்று முடிவு செய்தார்.

1917 தொடக்கத்தில் கடும் குளிர். ரயில் பாதைகளில் பனி. மாவு வந்தாலும் அடுப்பெரிக்க எரிபொருள் இல்லாமல் பேக்கரிகள் மூடிக் கிடந்தன. அந்த நேரத்தில் 'ரேஷன் வரப்போகிறது' என்ற அறிவிப்பு வெளியாக, மக்கள் பதறிப்போய் கடைகளை மொய்த்தார்கள். மாவு போதுமான அளவு இருப்பதாக அதிகாரிகள் நோட்டீஸ் ஒட்டினார்கள். கடை வாசலில் நிற்பவருக்கு அந்த நோட்டீஸ் ஆத்திரத்தைத்தான் கிளப்பியது.

இதை முன்கூட்டியே சரியாகக் கணித்தது யார் தெரியுமா? மன்னரின் ரகசியப் போலீஸான ஒக்ரானா. 1917 ஜனவரியில் அதன் அறிக்கை ஒன்று, முடிவில்லாத வரிசைகளில் நின்று களைத்த, பசியிலும் நோயிலும் வாடும் பிள்ளைகளைப் பார்த்து நொந்துபோன தாய்மார்கள், நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவர்களைவிடப் புரட்சிக்கு நெருக்கமாக இருக்கிறார்கள் என்று எச்சரித்தது. ஒரு தீப்பொறி போதும் என்றும் சொன்னது. அறிக்கை மேலிடத்துக்குப் போனது. நடவடிக்கை எதுவும் வரவில்லை.

ஆனால் பசி மட்டும் போதுமா?

போதாது. உலகில் பசித்த நாடுகள் ஏராளம், புரட்சி நடந்தவை மிகக் குறைவு. மக்கள் பட்டினி கிடக்கும்போதுகூட, 'மன்னர் நல்லவர்தான், சுத்தி இருக்கிறவங்கதான் சரியில்லை' என்ற நம்பிக்கை இருக்கும்வரை சிம்மாசனம் ஆடாது. ரஷ்யர்களிடமும் அந்த நம்பிக்கை வலுவாக இருந்தது. மன்னரை 'தந்தை ஜார்' என்றே அழைத்தார்கள்.

அந்த நம்பிக்கையில் முதல் வெடிப்பு 1905 ஜனவரி 22 அன்று விழுந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கப்பான் என்ற பாதிரியார் தலைமையில் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகக் குளிர்கால அரண்மனை நோக்கி நடந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. புனிதர்களின் படங்களும் மன்னரின் படமும்தான் இருந்தன. எட்டு மணி நேர வேலை, தேர்ந்தெடுக்கப்பட்ட சபை உள்ளிட்ட கோரிக்கைகளோடு ஒரு மனு. மன்னர் அரண்மனையில் இல்லை. படைகள் சுட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசே ஒப்புக்கொண்டது. உண்மையான எண்ணிக்கை அதைவிட அதிகம் என்று பலர் சொன்னார்கள். அந்த நாளுக்கு 'ரத்த ஞாயிறு' என்று பெயர் வந்தது.

அந்த ஆண்டு முழுக்க வேலைநிறுத்தங்கள், விவசாயிகள் கிளர்ச்சி, போட்டெம்கின் போர்க்கப்பலில் கலகம். அக்டோபரில் நாடே ஸ்தம்பித்தபோது, டூமா என்ற நாடாளுமன்றத்துக்கு மன்னர் ஒப்புக்கொண்டார்.

அப்படியென்றால் 1905-லேயே முடியாட்சி ஏன் விழவில்லை? ஒரே வரியில் சொன்னால், ராணுவம் பெரும்பாலும் மன்னர் பக்கம் நின்றது. ஜப்பானுடனான போர் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. டிசம்பரில் மாஸ்கோ கிளர்ச்சியைக் காவல்படைகள் பீரங்கி கொண்டு நசுக்கின. கோபம் இருந்தது, கூட்டம் இருந்தது, காரணமும் இருந்தது. துப்பாக்கி மட்டும் மக்கள் பக்கம் திரும்பவில்லை.

இந்த ஒப்பீட்டை மனதில் வைத்துக்கொண்டால், 1917-ல் என்ன மாறியது என்பது எளிதாகப் புரியும்.

மாளிகைக்கு உள்ளேயே விரிசல்

1915-ல் தொடர் தோல்விகளுக்குப் பிறகு நிக்கோலஸ் ஒரு முடிவெடுத்தார். படைகளின் தலைமைத் தளபதி பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டு, தலைநகரை விட்டு மொகிலேவ் நகரில் இருந்த ராணுவத் தலைமையகத்துக்குப் போய்விட்டார். அமைச்சர்கள் பலர் வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை.

அதுவரை தோல்விக்குத் தளபதிகளைக் குறை சொல்ல முடிந்தது. இனி எல்லாத் தோல்வியும் மன்னர் கணக்கில்.

தலைநகரில் செல்வாக்கு மகாராணி அலெக்சாண்ட்ராவிடம் போனது. அவர் பிறப்பால் ஜெர்மானியர். ரஷ்யா போரிடுவதோ ஜெர்மனியோடு. போதாக்குறைக்கு, இளவரசர் அலெக்சேயின் ரத்தம் உறையாத நோயைக் குணப்படுத்த வல்லவர் என்று மகாராணி நம்பிய சாமியார் ரஸ்புடின். அமைச்சர்கள் மாதத்துக்கு ஒருவராக மாறினார்கள். 1916 நவம்பரில் டூமாவில் எதிர்க்கட்சித் தலைவர் மில்யுகோவ், அரசின் ஒவ்வொரு தவறையும் சொல்லிவிட்டு, 'இது முட்டாள்தனமா, துரோகமா?' என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தணிக்கை செய்யப்பட்ட அந்தப் பேச்சு, கையெழுத்துப் பிரதிகளாக நாடு முழுக்கச் சுற்றியது. அந்தக் காலத்து 'ஃபார்வர்டு மெசேஜ்'.

டிசம்பர் இறுதியில் ரஸ்புடின் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் புரட்சிக்காரர்கள் இல்லை. ஓர் இளவரசர், மன்னரின் நெருங்கிய உறவினரான ஒரு கோமகன், முடியாட்சியின் தீவிர ஆதரவாளரான ஒரு டூமா உறுப்பினர். முடியாட்சியைக் காப்பாற்றத்தான் கொன்றோம் என்றார்கள். மன்னரைப் பேசி வழிக்குக் கொண்டுவர முடியாது என்று அவருடைய சொந்த வட்டமே கைகழுவியதைத்தான் அந்தக் கொலை ஊருக்குக் காட்டியது.

வியாழன், வெள்ளி, சனி

மார்ச் 7 அன்று இரண்டு விஷயங்கள் நடந்தன. தலைநகரின் மிகப்பெரிய ஆலையான புட்டிலோவ், சம்பளத் தகராறில் கதவடைப்பு செய்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது. அதே நாளில் மன்னர் மொகிலேவுக்கு ரயில் ஏறினார்.

மறுநாள்தான் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், முந்தைய நாள் இரவு வைபோர்க் பகுதி போல்ஷெவிக் தலைவர் கயூரோவ், 'அவசரப்பட்டுத் தனியா வேலைநிறுத்தம் வேண்டாம்' என்று பெண் தொழிலாளர்களிடம் சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் செய்தி கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது என்று பின்னர் அவரே எழுதினார்.

வெள்ளிக்கிழமை வேலைநிறுத்தக்காரர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ 2 லட்சம். நகரின் மையப் பகுதிக்குப் போகும் பாலங்களைப் போலீஸ் மறித்தது. மக்கள் உறைந்து கிடந்த நெவா ஆற்றின் மேல் நடந்தே கடந்தார்கள். பதாகைகள் மாறத் தொடங்கின. முதலில் 'ரொட்டி கொடு'. பிறகு 'போர் வேண்டாம்'. அதன்பின் 'எதேச்சதிகாரம் ஒழிக'.

அதே நாள் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் பலரின் பயத்தைப் போக்கியது. கூட்டத்தைக் கலைக்க கொசாக் குதிரைப்படை அனுப்பப்பட்டது. 1905-ல் சாட்டையால் அடித்தே பெயர் வாங்கியவர்கள் இவர்கள். கூட்டம் நடுங்கி நின்றது. ஆனால் வீரர்கள் யார்மீதும் குதிரையை ஏற்றாமல், வரிசையாக நடுவில் புகுந்து போனார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கண் சிமிட்டினார் என்று அங்கிருந்தவர்கள் நினைவுகூர்ந்தார்கள். 'அவங்க அடிக்க மாட்டாங்க' என்ற செய்தி நகரமெங்கும் பரவியது.

சனிக்கிழமை மாணவர்கள், அலுவலக ஊழியர்கள், கடைக்காரர்களும் சேர்ந்தார்கள். ஸ்னாமென்ஸ்கயா சதுக்கத்தில் கூட்டத்தைத் தாக்க வந்த போலீஸ் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். வெட்டியது ஒரு கொசாக் வீரர் என்ற பேச்சு பரவியது.

அன்று மகாராணி மன்னருக்கு எழுதிய கடிதத்தில், இது போக்கிரிகளின் வேலை என்றும், நல்ல குளிராக இருந்திருந்தால் எல்லோரும் வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்றும் குறிப்பிட்டார். அதே நேரத்தில் போல்ஷெவிக் கட்சியின் முன்னணித் தலைவர் ஷ்லியாப்னிகோவும், தொழிலாளர்களுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு ரொட்டி கொடுத்தால் இந்த இயக்கம் அடங்கிவிடும் என்றார். அரண்மனையும் புரட்சிக் கட்சியும் ஒரே விஷயத்தில் ஒரே மாதிரி தப்புக்கணக்கு போட்டன.

மன்னர் என்ன செய்தார்? அன்று இரவு படைத்தலைவர் கபலோவுக்குத் தந்தி அடித்தார். தலைநகரில் நடக்கும் கலவரங்களை 'நாளைக்கே' நிறுத்த வேண்டும் என்பது ஆணை. ரொட்டி பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிறு சுட்டவர்கள், திங்கள் ஏன் சுடவில்லை?

கதையின் மையம் இதுதான்.

மார்ச் 11, ஞாயிறு. ஆணைப்படி படைகள் சுட்டன. ஸ்னாமென்ஸ்கயா சதுக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். சுட்டது வொலின்ஸ்கி ரெஜிமென்ட்டின் பயிற்சிப் பிரிவு. மாலையில் தெருக்கள் காலியாகின. அரசு ஜெயித்துவிட்டது போலவே தெரிந்தது. புரட்சிக் கட்சிகளிலும் சிலர், 'அவ்வளவுதான், முடிஞ்சது' என்று நினைத்தார்கள்.

ஆனால் சுட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 1905-ல் கிளர்ச்சியை நசுக்கிய பழைய காவல்படை வீரர்கள் பலர் அதற்குள் போர்முனையில் மடிந்துவிட்டார்கள். 1917-ல் தலைநகர்ப் பாசறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய ஆட்கள். நேற்றுவரை வயலில் ஏர் பிடித்தவர்கள், ஆலையில் வேலை பார்த்தவர்கள், காயம் ஆறி மறுபடி போர்முனைக்கு அனுப்பப்படக் காத்திருந்தவர்கள். வரிசையில் நின்ற பெண்களின் முகத்தில் அவர்கள் பார்த்தது தங்கள் அம்மாவையும் மனைவியையும்.

அன்று இரவு வொலின்ஸ்கி பாசறையில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. தீமோஃபேய் கிர்பிச்னிகோவ் என்ற சார்ஜென்ட் சக வீரர்களோடு பேசினார். நாளையும் சுடச் சொன்னால் என்ன செய்வது? முடிவு: சுடுவதில்லை.

திங்கள் காலை. வீரர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். தளபதி லாஷ்கேவிச் வருகிறார். வீரர்கள் ஆணையை ஏற்க மறுக்கிறார்கள். நிலைமை புரிந்து அவர் திரும்பிச் செல்லும்போது துப்பாக்கி வெடிக்கிறது. தளபதி செத்து விழுகிறார்.

அந்த நொடிக்குப் பிறகு அவர்களுக்குத் திரும்பிப் போக வழியில்லை. அதிகாரியைக் கொன்ற குற்றத்துக்கு மரண தண்டனைதான். உயிர் பிழைக்க ஒரே வழி, மற்ற படைப்பிரிவுகளையும் தங்களோடு சேர்த்துக்கொள்வது. பக்கத்துப் பாசறைகளுக்கு ஓடினார்கள். பிரியோபிரஜென்ஸ்கி, லித்துவேனிய ரெஜிமென்ட்டுகள் சேர்ந்தன. ஆயுதக் கிடங்கு வீழ்ந்தது. பல்லாயிரம் துப்பாக்கிகள் மக்கள் கைக்குப் போயின. சிறைகள் திறக்கப்பட்டன. நீதிமன்றம் பற்றி எரிந்தது. மாலைக்குள் கலகம் செய்த வீரர்கள் 60,000-ஐத் தாண்டினர். மறுநாள் கபலோவ் கையில் மிஞ்சியது சில நூறு வீரர்கள்.

வியாழக்கிழமை தொடங்கியது போராட்டம். திங்கட்கிழமை காலையில்தான் அது புரட்சியானது.

ரயில் பெட்டியில் முடிந்த வம்சம்

திங்கள் மாலை டவ்ரிடா மாளிகையில் இரண்டு அதிகாரங்கள் ஒரே நேரத்தில் பிறந்தன. ஒரு பக்கம் டூமா தலைவர்கள் அமைத்த தற்காலிகக் குழு. அதே கட்டிடத்தின் இன்னொரு பக்கத்தில் தொழிலாளர்களும் வீரர்களும் அமைத்த பெட்ரோகிராட் சோவியத்.

நிலைமை கைமீறுகிறது, உடனே மக்கள் நம்பும் அரசை அமையுங்கள் என்று டூமா தலைவர் ரொட்சியான்கோ மன்னருக்குத் தந்தி மேல் தந்தி அடித்திருந்தார். 'அந்தக் குண்டு ரொட்சியான்கோ மறுபடியும் ஏதோ உளறியிருக்கிறார், பதில்கூட போடப் போவதில்லை' என்ற தொனியில் மன்னர் அதைத் தள்ளிவிட்டார்.

பிறகுதான் விபரீதம் உறைத்தது. ரயிலில் தலைநகர் நோக்கிக் கிளம்பினார். ஆனால் வழியில் பாதை கலகக்காரர்கள் வசம் இருப்பதாகத் தகவல். ரயில்வே தந்தி வலையமைப்பு வழியாக, ஆட்சி டூமா கைக்கு வந்துவிட்டது என்ற செய்தி ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மன்னருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. உலகின் ஆறில் ஒரு பங்கு நிலத்தை ஆண்டவர், தன் வீட்டுக்குப் போக வழியில்லாமல் பிஸ்கோவ் நகருக்குத் திருப்பிவிடப்பட்டார்.

மார்ச் 15. ராணுவத் தலைமை அதிகாரி அலெக்சேயெவ், போர்முனைத் தளபதிகளிடம் தந்தி மூலம் கருத்து கேட்டார். மன்னர் விலகுவதே நல்லது என்பதுதான் பதில். அரச குடும்பத்தைச் சேர்ந்த கோமகன் நிகோலாய் நிகோலாயெவிச்சும் அதையே சொன்னார். அன்றிரவு, ரயில் பெட்டியிலேயே நிக்கோலஸ் கையெழுத்திட்டார். தன் தம்பி மிகையிலுக்கு முடியைக் கொடுத்தார். மறுநாள் மிகையில், மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை கேட்டுக்கொண்டால் பார்க்கலாம் என்று மறுத்துவிட்டார். 1613-ல் தொடங்கிய வம்சம் முடிந்தது. 'சுற்றிலும் துரோகம், கோழைத்தனம், வஞ்சகம்' என்று நிக்கோலஸ் டைரியில் எழுதினார்.

ரத்தமே சிந்தாத புரட்சி என்று இதைச் சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. பெட்ரோகிராடில் மட்டும் இறந்தவர்களும் காயமடைந்தவர்களும் சேர்த்து ஏறத்தாழ 1,400 பேர்.

ஏன் யாருக்கும் முன்கூட்டியே தெரியவில்லை?

உளவுத்துறை, எதிர்க்கட்சி, புரட்சிக்கட்சி, அரண்மனை... எல்லோருக்கும் கோபம் இருப்பது தெரியும். ஆனால் 'இந்த வாரம்' என்று யாருக்கும் தெரியவில்லை. ஏன்?

ஆபீஸ் மீட்டிங் ஒன்றை யோசித்துப் பாருங்கள். புதிய விதி யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் 'எல்லோருக்கும் ஓகேவா?' என்று கேட்டதும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மற்றவர் தலையாட்டுவதைப் பார்த்து, 'நமக்கு மட்டும்தான் பிரச்சினை போல' என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். ஒருவர் எழுந்து மறுத்ததும், இன்னொருவர். பத்து நிமிடத்தில் அறையே எதிர்க்கிறது. யாருடைய கருத்தும் மாறவில்லை. வெளியே சொல்லும் தைரியம்தான் மாறியது.

பொருளாதார அறிஞர் திமூர் குரான் புரட்சிகளை விளக்குவது இப்படித்தான். சர்வாதிகாரத்தில் மக்கள் உண்மையான விருப்பத்தை மறைத்து வைக்கிறார்கள். அதனால் ஆட்சி பார்க்கப் பலமாகவே தெரியும், விழும் நாள்வரை.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978-ல் இதற்கு ஒரு எளிய கணக்கு சொன்னார். 100 பேர் இருக்கிறார்கள். முதல் ஆள் யாரும் இல்லாவிட்டாலும் தெருவுக்கு வருவார். இரண்டாவது ஆள், ஏற்கெனவே ஒருவர் இருந்தால் வருவார். மூன்றாவது ஆளுக்கு இரண்டு பேர் வேண்டும். இப்படியே போனால் 100 பேரும் தெருவில். ஆனால் அந்த இரண்டாவது ஆள் மட்டும் 'ரெண்டு பேராவது இருந்தாதான் வருவேன்' என்று நினைத்திருந்தால்? முதல் ஆள் தனியாக நின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இரண்டு ஊர்களிலும் கோபம் ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்றில் புரட்சி, மற்றதில் ஒரு கைது.

பெட்ரோகிராடில் முதல் ஆள், இழக்க எதுவும் இல்லாத நெசவாலைப் பெண். ஆண்கள் இறங்கியதும் மாணவர், மாணவர் இறங்கியதும் குமாஸ்தா, கடைசியில் துப்பாக்கி ஏந்திய வீரர்.

மற்ற நாடுகளில் எப்படி?

பாரிஸ், 1789: ரொட்டி விலை உச்சத்தில் இருந்த கோடையில், ஜூலை 14 அன்று பாஸ்டில் சிறை வீழ்ந்தது. மக்களோடு சேர்ந்துகொண்ட பிரெஞ்சுக் காவல்படை வீரர்கள் பீரங்கியோடு வந்ததும்தான் கோட்டை சரணடைந்தது. அக்டோபரில் வெர்சாய் அரண்மனைக்கு நடந்துபோய் மன்னரைப் பாரிசுக்கு அழைத்து வந்தவர்களும் சந்தைப் பெண்கள்தான்.

ஈரான், 1978–79: செப்டம்பர் 8-ல் தெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் படைகள் சுட்டன. அடங்கவில்லை. எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் அரசின் பணப்பெட்டியே மூடியது. 1979 ஜனவரி 16-ல் ஷா நாட்டை விட்டு வெளியேறினார். பிப்ரவரி 11-ல் ராணுவம் 'நாங்கள் நடுநிலை' என்று அறிவித்தது. கதை முடிந்தது.

நேபாளம், 2006: முந்தைய ஆண்டு மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தன் கையில் எடுத்திருந்தார். அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்த கட்சிகளும் மாவோயிஸ்ட்டுகளும் ஓரணியில் வந்தார்கள். ஏப்ரலில் 19 நாள் போராட்டம். மன்னர் நாடாளுமன்றத்தைத் திரும்பக் கொடுத்தார். 2008 மே 28-ல் நேபாளம் குடியரசானது.

பஹ்ரைன், 2011: இங்கும் பெரும் கூட்டம் திரண்டது. ஆனால் பாதுகாப்புப் படை அரச குடும்பத்தின் பக்கமே நின்றது. மார்ச்சில் சவுதிப் படைகளும் உள்ளே வந்தன. முடியாட்சி தப்பியது.

நான்கையும் ரஷ்யாவோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுவான வரிசை தெரிகிறது. அன்றாட வாழ்க்கை தாங்க முடியாமல் போகிறது. மன்னர்தான் காரணம் என்ற எண்ணம் பரவுகிறது. மேல்தட்டு பிளவுபடுகிறது. கூட்டம் பயத்தை இழக்கிறது. கடைசியாக, சுட வேண்டியவர்கள் சுட மறுக்கிறார்கள் அல்லது ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்தக் கடைசிப் படி நடக்காவிட்டால், முந்தைய நான்கும் நடந்தும் பயனில்லை. 1905 சொல்வதும் பஹ்ரைன் சொல்வதும் அதைத்தான்.

அந்தப் பெண்களுக்கு ரொட்டி கிடைத்ததா?

ஜார் ஆட்சி வீழ்ந்த செய்தி உலகம் முழுக்க அதிர்வலையை ஏற்படுத்தியது. பிரிட்டிஷாரிடமிருந்து தப்பிப் புதுச்சேரியில் வாழ்ந்துகொண்டிருந்த பாரதியார், அதை வரவேற்று 'புதிய ருஷ்யா' என்ற கவிதை எழுதினார்.

ரஷ்யாவில் கருத்துச் சுதந்திரம் வந்தது, அரசியல் கைதிகள் வெளியே வந்தார்கள். அதே ஆண்டில் பெண்களுக்கு வாக்குரிமையும் கிடைத்தது. ஆனால் புதிய தற்காலிக அரசு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றவில்லை. போரைத் தொடர்ந்தது. போர் தொடர்ந்ததால் ரயில்கள் போர்முனைக்கே போயின. ரொட்டி வரிசை அப்படியே நின்றது. எட்டு மாதத்தில், 'சமாதானம், நிலம், ரொட்டி' என்ற முழக்கத்தோடு வந்த போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தார்கள். பெண்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபை, 1918 ஜனவரியில் ஒரே நாள் கூடியதோடு கலைக்கப்பட்டது. ஜூலையில் நிக்கோலஸ் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் போர், பஞ்சம் என்று அடுத்த சில ஆண்டுகள், வரிசையில் நின்ற அந்தப் பெண்கள் கற்பனை செய்திராத அளவுக்குக் கொடூரமாக இருந்தன.

பழைய ஆட்சியை யார் கவிழ்க்கிறார்களோ, அவர்கள்தான் அடுத்த ஆட்சியை அமைப்பார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கவிழ்ப்பதற்குத் தேவை கூட்டம். ஆள்வதற்குத் தேவை அமைப்பு. மார்ச் 8 அன்று வைபோர்க் தெருவில் முதலாவது மட்டும்தான் இருந்தது.

மறுபக்கம், ஆட்சியில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தன் தலைநகரில் ரொட்டி இல்லை என்பது நிக்கோலஸுக்குத் தெரியாமல் இல்லை. உளவுத்துறை சொன்னது, டூமா சொன்னது, சொந்த உறவினர்களே சொன்னார்கள். யார் சொன்னாலும் மிகைப்படுத்துகிறார்கள் என்றே நினைத்தார். கடைசியாக மார்ச் 12 காலையில் ஒரு சார்ஜென்ட்டும் அவருடைய வீரர்களும் சொன்னபோதுதான் அவருக்குக் கேட்டது. அதற்குள் ரயில் போக வழி இருக்கவில்லை.